மனுஷன் தின்னாத பெருச்சாளி

அன்புள்ள ராஜு,

பதில் இவ்வளவு தள்ளிப்போனதற்கு நீ திட்டப்போவது தெரியும். இங்கே எல்லோரும் சௌக்கியம், அம்மாவின் மூட்டுவலி அப்படியேதான், சின்னவன் பத்தாவது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சேகர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் அடித்துச் சொன்னாயே, தீவில் அழிந்த பிராணி எதுவானாலும் அதைத் தின்று தீர்த்தது மனுஷன்தான் என்று. அன்றைக்கு மாமா வந்து நடுவில் உட்கார்ந்துவிட்டார், அப்புறம் யார் பேச முடியும்? அதிலிருந்து எனக்கு ஒரே குடைச்சல்.

கரீபியனில் அங்குயிலா என்று ஒரு சின்னத் தீவு, பக்கத்திலேயே செயின்ட் மார்ட்டின். அங்கே ஆம்பிளிரைசா என்று ஒரு பிராணி இருந்தது. கொறிக்கிற இனம்தான், ஆனால் எலிக்கு நெருங்கின சொந்தமில்லை, கினிப்பன்றி, கேப்பிபரா வகையறா. எடை 50 கிலோவிலிருந்து 200 கிலோ வரை! இன்றைக்கு உலகத்திலேயே பெரிய கொறிக்கிற பிராணியான கேப்பிபரா, ஆம்பிளிரைசாவில் சின்ன உருப்படி அளவுக்குத்தான் தேறும். மெஸ் பெருச்சாளிக்கே கட்டில்மேல் ஏறி நின்ற ஆள் நீ, அதனால் சொல்லிவைக்கிறேன்.

1868-இல், அங்குயிலா குகை மண் வயலுக்கு உரமாகுமா பார்க்கலாம் என்று ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மண்ணோடு எலும்பும் பல்லும் போயின. அழிந்த பிராணிகளின் எலும்புகளை ஆராய்ந்த எட்வர்ட் டிரிங்கர் கோப் கண்ணில் பட்டதால் பிழைத்தன. அந்தக் கடைவாய்ப்பல்லின் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்: மெல்லிய தட்டுகள் ஒன்றையொன்று ஒட்டி, சீட்டுக்கட்டைச் சாய்த்துவைத்த மாதிரி வரிசையாக நிற்கின்றன. பொடியாக்கி வயலில் தூவியிருக்க வேண்டிய பல், ராஜு. பார்க்க ஆளில்லாமல் எந்தெந்தக் குகையின் மண் மில்லுக்குப் போயிருக்குமோ என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

அதே மண்ணில் சங்கைச் செதுக்கிச் செய்த உளி ஒன்றும் இருந்தது. மனுஷனும் இந்த மிருகமும் ஒரே காலத்தில் வாழ்ந்திருக்கலாம் என்று கோப்புக்குப் பட்டது. அதாவது உன் கட்சி. ஆனால் பிற்பாடு யுரேனியத்தை வைத்து அந்த மிருகத்தின் காலத்தைக் கணக்கிட்டபோது ஒரு லட்சம் ஆண்டுக்கு மேல் போனது. மனுஷன் அந்தத் தீவுகளில் கால் வைத்துச் சில ஆயிரம் ஆண்டுதான் ஆகிறது. பார்க்கவே இல்லை, எங்கே தின்பது?

மெக்ஃபார்லேன் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும் 1998-இல் சொன்ன விளக்கம் வேறு: கொன்றது கடல். பனியுகத்தில் கடல்மட்டம் 100 மீட்டருக்கும் கீழே இறங்கியிருந்தது. அங்குயிலா, செயின்ட் மார்ட்டின் எல்லாம் ஒரே நிலம், 2,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். மேய இடம் உண்டு, துரத்த ஆளில்லை. தொடை எலும்பை அளந்து பார்த்தவர்கள், இத்தனை எடைக்கு இது பலம் குறைவு, துள்ளி ஓடுகிற உடம்பே இல்லை என்கிறார்கள். ஓட வேண்டிய அவசியம் இருந்தால்தானே? அப்புறம் பனி உருகி, சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய மட்டத்தையும் தாண்டி ஏறியது. இன்றைக்கே அங்குயிலா மொத்தம் 91 சதுர கிலோமீட்டர்தான். அத்தனை பெரிய உடம்புகள் அங்கே எத்தனை மேய முடியும்? கூட்டம் சிறுத்த பிறகு ஒரு வறட்சியோ புயலோ போதும்.

மற்றபடி நீ சொன்னது பொய்யென்று நான் சொல்லவில்லை. போர்ட்டோ ரிக்கோவில் ஐசோலோபோடான் என்ற இன்னொரு கொறிக்கிற பிராணியின் எலும்புகள் பழங்குடிகளின் குப்பைமேடுகளிலேயே கிடக்கின்றன, அதை மனுஷன் தின்றான், சந்தேகமே இல்லை. ஆனால் ஆம்பிளிரைசாவை யாரும் வேட்டையாடவில்லை, காட்டை வெட்டவில்லை, பூனையைக் கொண்டுபோய் விடவில்லை. நிலம் சுருங்கியது, அவ்வளவுதான். நாம் செய்யவில்லை என்று நிம்மதிப்படத்தான் பார்த்தேன், முடியவில்லை. இப்போதும் கடல் ஏறிக்கொண்டுதானே இருக்கிறது? சின்னத் தீவுகளில் மிச்சமிருக்கிற பிராணிகளுக்கு வேட்டைத் தடை போட்டாயிற்று, சரணாலயம் அறிவித்தாயிற்று என்று நாம் கையைத் துடைத்துக்கொண்டால், கால் வைக்க இடமில்லாமல் போகிறதே, அதை யார் கணக்கில் எடுப்பது? இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

நீ விடமாட்டாய், தெரியும். ஃபோனில் கத்தாதே, எழுது. சேகரையும் கேட்டுச் சொல், அவன் எப்படியும் உன் பக்கம்தான் பேசுவான். வசந்திக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

உன்,
மூர்த்தி