ஏற்காட்டு இறக்கத்தில் காரை உருட்டி ஸ்டார்ட் செய்ய வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காட்டில் இரவு முழுக்கக் குளிரில் நின்ற கார் காலையில் செல்ஃப் எடுக்காவிட்டால், வெளியூர்க்காரர்கள் பலரும் வண்டியை நியூட்ரலில் போட்டு இறக்கத்தில் உருட்டுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். இன்ஜின் ஓடாதபோது, பிரேக்கை லேசாக மிதித்தாலே பிடிக்க வைக்கும் பிரேக் பூஸ்டருக்கு வாக்குவம் (வெற்றிட இழுவை) கிடைக்காது. மிச்சமிருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் இறுகும், சாவியை உருவினால் பூட்டியே கொள்ளும். சேலம் வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஆட்டோமேட்டிக் வண்டியோ எவ்வளவு உருட்டினாலும் ஸ்டார்ட் ஆகாது.

முதலில் சத்தத்தைக் கேளுங்கள். சாவியைத் திருப்பியதும் 'டிக்டிக்டிக்' என்று படபடத்து, டேஷ்போர்டு விளக்கு மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது ஒயர் மாட்டும் முனையான டெர்மினல் தளர்ந்திருக்கிறது. விளக்கு பளிச்சென்று இருந்து ஒரே ஒரு 'டக்' மட்டும் வந்தால் செல்ஃப் மோட்டாரையோ அதன் ஒயரையோ பார்க்க வேண்டும். சத்தமே இல்லையா? கிளட்சை முழுதாக மிதித்துப் பாருங்கள். ஆட்டோமேட்டிக்கில் லீவர் 'பி'யில் இருக்கிறதா, பிரேக் மிதித்திருக்கிறதா என்று பாருங்கள்.

மலையில் பெரும்பாலும் பேட்டரிதான் காரணம். குளிரில் பேட்டரியின் வேகம் குறையும், ஆயிலும் கெட்டிப்படும். கீழே தட்டுத்தடுமாறி ஓடிய நான்கு வயதுப் பேட்டரி மேலே கைவிடும். ராத்திரி பாட்டு கேட்டதும் சேர்ந்துகொள்ளும். மீட்டர் இருந்தால் 12.6 வோல்ட் நிறைவு, 12.2 ஏறக்குறைய பாதி, 12-க்குக் கீழே காலி. டெர்மினலில் வெள்ளை, பச்சைப் பூ பூத்திருந்தால், பத்தாம் நம்பர் ஸ்பேனரால் நெகட்டிவை முதலில் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரில் தேய்த்துத் துடைத்து இறுக்குங்கள். இதிலேயே பல வண்டிகள் கிளம்பிவிடும்.

இன்னொரு வண்டியின் நல்ல பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்க ஜம்பர் கேபிள் போடும்போது வரிசை முக்கியம். சிவப்பை இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனையை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பை நல்ல பேட்டரியின் நெகட்டிவில், கடைசி முனையை நின்ற வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வருவதால் அதன் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது. நல்ல வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு செல்ஃப் அடியுங்கள். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். அரை நிமிடமாவது இடைவெளி கொடுங்கள், இல்லையென்றால் மோட்டார் சூடேறிக் கருகும்.

இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லையா? சாவி படமோ பூட்டுப் படமோ மின்னினால், திருட்டைத் தடுக்கும் மின்னணுப் பூட்டான இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை. மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள். டீசல் வண்டியில் சுருள் வடிவ மஞ்சள் விளக்கு அணையும் வரை பொறுங்கள். இன்னொன்று மலைக்கே உரியது: ரிசர்வில் இருக்கும் வண்டியைச் சரிவில் நிறுத்தினால் பெட்ரோல் டேங்கின் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்புக்கு எட்டாமல் போகும். ஐந்து லிட்டர் ஊற்றினால் தீர்ந்தது. சேலத்தில் அஸ்தம்பட்டி தாண்டும் முன்பே அரை டேங்க் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே வராது.

ஸ்டார்ட் ஆன பிறகு உடனே அணைக்காதீர்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். 13-க்குக் கீழே இருந்தால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் அதைச் சுற்றும் பெல்ட்டையும் சரிபார்க்காமல் புதுப் பேட்டரி வாங்குவது வீண் செலவு.

ஏற்காட்டு விடுதிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரவேற்பறையில் ஒரு ஜம்பர் கேபிள் வையுங்கள். கடையில் தொங்கும் மெல்லிய ஒயர் சூடாகுமே தவிர வண்டியைக் கிளப்பாது. செம்புக் கம்பி பெட்ரோல் கார்களுக்கு 16 சதுர மில்லிமீட்டர், டீசலுக்கு 25 எனக் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
கார் மெக்கானிக்குகள்,
அஸ்தம்பட்டி, சேலம்.