நான் தைத்த பெல்ட்டைக் கழற்றிவிடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நம் பழைய காரை நன்றாகத்தான் வைத்திருக்கிறாய். கதவு ரப்பர் புதிதாகத் தெரிகிறது, டாஷ்போர்டில் தூசு இல்லை. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாலு தடவை பார்த்துவிட்டு, "ஹார்ன் பழசேதானே?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு அது போதும்.

எனக்குப் போதவில்லை. டிரைவர் பக்கம் புது சீட் பெல்ட் போடப்போகிறேன், பக்கத்து சீட்டில் இருப்பது அப்படியே இருக்கட்டும், அது அம்மா தைத்தது என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரிதான் இரண்டு நாளாக என்னைப் படுத்துகிறது.

அதை நான் ஏன் தைத்தேன் என்பது உனக்கு நினைவிருக்காது. உனக்குப் பத்து வயது இருக்கும். சீட்டின் தோள்பக்கம் பெல்ட்டைப் பிடித்துக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் கைடு வளையம் இருந்தது அல்லவா, அதன் உள்பக்கம் மயிரிழையாக ஒரு கீறல் விட்டிருந்தது. அந்த பெல்ட்டில் நாடாவைத் தானே சுருட்டிக்கொள்ளும் ரீல் கிடையாது. நீளத்தைக் கையால் சரிசெய்து விட்டுவிடுவதுதான். அதனால் எப்போதும் ஒரே இடம்தான் வளையத்தில் உரசும். அந்த இடத்தில் நாடாவின் ஓரம் பஞ்சுபோலப் பிரிந்துவிட்டது. நான் என்ன செய்தேன்? பட்டறையில் சோபாவும் கார் சீட்டும் தைக்கிற அதே மெஷினில் தடித்த ஊசி போட்டு, பிரிந்த பகுதியை ஒரு சாண் வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, கட்டம் போட்டுக் குறுக்கே பெருக்கல் குறியும் தைத்தேன். நூலின் நிறம்கூடப் பொருத்தமாகத் தேடிப் போட்டேன். கம்பெனித் தையல் மாதிரியே இருக்கிறது என்று அப்பா சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதற்குப் பின்னால் எத்தனை வருடம் நீ அந்த சீட்டில் உட்கார்ந்து வந்தாய்!

சில வருடம் கழித்து, மோதிய கார் ஒன்று சீட் உறை மாற்ற என்னிடம் வந்தது. ஓட்டியவருக்குப் பெரிய காயமில்லை. அவருடைய பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தேன். நாடா அலை அலையாக நெளிந்து கிடந்தது. தோள் வளையம் இருந்த இடத்தில் பளபளவென்று ஒரு கோடு. நகத்தால் சுரண்டினால் பொருக்காக வந்தது. வளையத்தின் பிளாஸ்டிக் அந்த ஒரு நொடியின் உரசலில் உருகி நாடாவில் அப்பிக்கொண்டிருக்கிறது. நான் தைத்தது சரியாக அந்த இடத்தில்தான் என்று அப்போதே மனதில் பட்டது. ஆனால் நம் கார் அதற்குள் உறை போட்டு மூலையில் நின்றுவிட்டது. ஓடாத காருக்கு என்ன என்று விட்டுவிட்டேன். பிறகு நீ எடுத்துப் போய் ஓட்டத் தொடங்கியபோதும் வாய் திறக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார். 70 கிலோ ஆள், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம், மோதி நிற்கும்போது உடம்பு முன்னால் நகர்ந்து நிற்க அரை மீட்டர் தூரம் கிடைக்கிறது என்று வை. அந்த உடம்பை நிறுத்தச் சராசரியாகச் சுமார் 1,375 கிலோ எடைக்குச் சமமான இழுவை வேண்டும். மடியில் ஒரு பங்கு, தோளில் ஒரு பங்கு என்று பிரிந்தாலும் சும்மா இல்லை. அதனால்தான் சீட் பெல்ட்டுக்கான ஐ.நா. விதி 16, நாடா குறைந்தது 14.7 கிலோநியூட்டன், அதாவது சுமார் 1,500 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும் என்கிறது. கம்பெனித் தையலை எந்த நூலில், எத்தனை வரிசையில் போடுவது என்பதெல்லாம் இழுத்து அறுத்துப் பார்த்து முடிவுசெய்வது. என் தையலை யார் இழுத்துப் பார்த்தார்கள்? என் தடித்த ஊசி ஒவ்வொரு குத்திலும் நாடாவின் இழைகளை வெட்டிக்கொண்டே போயிருக்கும். தபால்தலை ஓரத்து ஓட்டைகள் எதற்கு என்று உனக்குத் தெரியும்.

ஆகவே அதைக் கழற்று. கழற்றிய பிறகு சும்மா வைக்காதே, கத்தரித்துப் போடு. முழுசாகக் கிடந்தால் யாராவது எடுத்து மாட்டுவார்கள்.

டிரைவர் பக்கத்துப் பழைய பெல்ட்டை மாற்றுவது சரிதான். வெயிலில் கிடந்த நாடா வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வலு இழந்திருக்கும். மடித்துப் பார், மொரமொரப்பாக இருக்கும். வெளுத்த பெல்ட்டுக்குச் சாயம் போடலாமா என்று என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். கூடாது. ப்ளீச்சும் கூடாது, தின்னரும் கூடாது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் மட்டும்தான்.

இப்போது ரீல் விஷயம். அப்பாவுக்கு ரீல் பெல்ட் பிடிக்காது, நெஞ்சை இழுத்துக்கொண்டே இருக்கிறது என்பார். ஆனால் ரீல் இல்லாத பெல்ட்டை அவர் எப்படிப் போட்டார்? கை நீட்டி ரேடியோவைத் திருப்ப வசதியாக ஒரு கை நுழையும் அளவுக்குத் தொளதொளவென்று விட்டுத்தான். அந்தத் தொய்வு முழுவதும், உடம்பு எதிலும் பிடிபடாமல் முன்னால் பறக்கிற தூரம். ரீல் அந்தத் தொய்வை எடுத்துவிடும். நீ ரீல் வைத்ததே வாங்கு. லேபிளில் வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' (E) எழுத்தும் ஓர் எண்ணும் இருக்க வேண்டும். பக்கத்தில் 'ஏஆர்4எம்' (Ar4m) என்று இருந்தால், மூன்று முனை பெல்ட், ரீல் உண்டு, ஒன்றுக்கு மேற்பட்ட முறையில் பூட்டிக்கொள்ளும் என்று பொருள். கார் திடீரென்று வேகம் குறைந்தாலும் பூட்டும், நாடாவை வெடுக்கென்று இழுத்தாலும் பூட்டும்.

இதில் பழைய கார்க்காரர்கள் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. ரீலுக்குள் ஒரு சின்னக் குண்டு அல்லது ஊசல் இருக்கும். அது நேராக நின்றால்தான் நாடா இளகி வரும். ரீலைச் சாய்த்து மாட்டினால் நின்றுகொண்டிருக்கும் காரிலேயே பூட்டிக்கொள்ளும். "பெல்ட் வரவே மாட்டேன் என்கிறது, கெட்டுப்போன சரக்கு" என்று திருப்பிக் கொடுப்பார்கள். வாங்கியதும் கையில் பிடித்துப் பார். நேராகப் பிடித்து மெதுவாக இழு, வரும். கொஞ்சம் சாய்த்து இழு, நிற்கும். அப்புறம் நம் காரில் பின்சீட்டின் பக்கச்சுவர் எந்தச் சாய்வில் இருக்கிறது என்று பார்த்து, அந்தச் சாய்வுக்கென்றே செய்த ரீலைக் கேள். தாங்கியை வளைத்துச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே.

அடுத்தது காரின் தரைத்தகடு. பெல்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கடைசியில் தொங்குவது அந்தத் தகட்டில்தான். முன்கண்ணாடி ரப்பர் வழியாக மழைத்தண்ணீர் இறங்கி விரிப்பு நனைந்து கிடந்த காலம் உண்டு. விரிப்பை முழுதாகத் தூக்கிவிட்டு, பெல்ட்டின் போல்ட் இறங்கும் நட் இருக்கும் இடத்தைச் சுற்றி ஸ்க்ரூடிரைவரால் நன்றாகக் குத்திப் பார். 'ணங்' என்றால் சரி. 'பொத்' என்றால் முதலில் வெல்டிங் வேலை, பெல்ட் அப்புறம். அடியில் வலுத்தகடு வைத்த நட் இல்லாத இடத்தில் ஒரு ஓட்டை போட்டு வாஷர் வைத்து முடுக்குவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. அந்த வாஷர் தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

போல்ட் பெரும்பாலும் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. கைக்கு அகப்பட்ட மெட்ரிக் போல்ட்டைத் திணிக்காதே. முதல் சில சுற்று விரலாலேயே போக வேண்டும். முடுக்கி முடித்த பிறகும் பெல்ட்டின் இரும்புக் காது போல்ட்டைச் சுற்றித் தாராளமாகத் திரும்ப வேண்டும். அதற்காகத்தான் அந்த போல்ட்டுக்குக் கழுத்துப்பகுதி தடிமனாக இருக்கிறது. காது இறுகி நின்றால் வாஷர்களை வரிசை மாற்றிப் போட்டுவிட்டாய் என்று அர்த்தம். கழற்றும்போதே ஒரு படம் எடுத்துக்கொள்.

பழைய குரோம் பக்கிள் அழகாக இருக்கிறது, அதில் புது பெல்ட்டின் நாக்கைச் செருகலாமா என்று கேட்டிருந்தாய். 'க்ளிக்' என்று சத்தம் வரலாம், பிடிக்கும் என்பதற்கு அது சாட்சி ஆகாது. ஒரே செட்டாகப் போடு.

பெல்ட் உடம்பில் எங்கே படுகிறது என்பதையும் பார்த்துக்கொள். கீழ்ப்பட்டை இடுப்பெலும்பின்மேல் இருக்க வேண்டும், வயிற்றில் ஏறக் கூடாது. மேல்பட்டை காறை எலும்பின் நடுவில். மூன்று முனை பெல்ட்டை 1959இல் வோல்வோவுக்காகக் கொண்டுவந்த நில்ஸ் போலின் அதற்கு முன்பு சாப் கம்பெனியில், விமானத்திலிருந்து விமானியைத் தூக்கி எறியும் சீட்டுகளில் வேலை பார்த்தவர். இரண்டு பட்டையும் இடுப்புக்குப் பக்கத்தில் தாழ்வான ஒரே புள்ளியில் சேர வேண்டும் என்பதுதான் அவர் கண்டுபிடித்ததில் முக்கியம். வோல்வோ அந்தக் காப்புரிமையை மற்ற கம்பெனிகளும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. அப்பாவிடம் இதைச் சொன்னேன். "அந்த ஆளும் நெஞ்சு இழுக்கிறது என்று முனகியிருப்பார்" என்றார்.

நம் காருக்கு, கதவுக்குப் பின்னால் கூரையைத் தாங்கும் நடுத்தூண் கிடையாது. மேல்முனை பின்னால், பக்கச்சுவரில் இருக்கிறது. அந்த முனை தோளைவிடத் தாழ்ந்துவிடாமல் பார்த்துக்கொள். தாழ்ந்தால் மோதும்போது பெல்ட் தோளைக் கீழ்நோக்கி அழுத்தும், முதுகெலும்பு அதை வாங்க வேண்டியிருக்கும். இவ்வளவு தூரத்திலிருந்து வருவதால்தான் சீட்டின் தோளில் கைடு தேவைப்படுகிறது. இல்லாவிட்டால் பெல்ட் சரிந்து கையெட்டாத இடத்துக்குப் போகும், எட்டாத பெல்ட்டை யாரும் போட மாட்டார்கள்.

ஆனால் கைடின் வேலை அவ்வளவுதான். பாரம் தாங்குவது அதன் வேலை இல்லை. மேல்முனையிலிருந்து உன் தோளுக்கு பெல்ட் நேர்கோட்டில் வர வேண்டும், கைடு அதைச் சும்மா தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். கைடு பெல்ட்டை இழுத்து வளைத்து வைத்திருந்தால், மோதும்போது அது உடைந்து, வளைவில் இருந்த நீளம் முழுவதும் தொய்வாக வந்து சேரும். பழைய பிளாஸ்டிக் கைடு இரண்டையும் எடுத்துவிடு. புதிதாக எதைப் போட்டாலும் உள்பக்கம் ஒரு பஞ்சுத் துணுக்கை ஓட்டிப் பார். ஓர் இழை சிக்கினாலும் அது நாடாவைத் தின்னும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தோன்றியது. கைடைத் தோலிலேயே செய்யலாம். சீட்டின் தோளில் ஒரு பட்டை, முனையில் பிரஸ் பட்டன். பின்சீட்டுக்கு ஆள் ஏறும்போது பட்டனை எடுத்துவிட்டால் பெல்ட் விலகும். பலமாக இழுத்தால் பட்டன் தானே விட்டுக்கொடுக்கும், பெல்ட் தன் வழியில் போகும். பாரம் தாங்காத பொருள் என்பதால் இதை நான் தைக்கலாம். அந்த பிரவுன் தோல் இன்னும் கொஞ்சம் சுருட்டி வைத்திருக்கிறேன். இரண்டு சீட்டின் தோள் விளிம்பின் தடிமன், புது பெல்ட்டின் அகலம், சீட் உறை ஓரத்தில் உருண்டையாக வரும் பைப்பிங்கிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உள்ளே உட்கார வேண்டும், இந்த மூன்று அளவையும் எழுதி அனுப்பு. பைப்பிங்கைச் சேர்த்து அளக்காதே.

அன்புடன்,
அம்மா