சென்னைக்காரர்கள் சோம்பேறிகளா, மாப்பிள்ளை?

தருமபுரி
ஜனவரி 2026

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பொங்கலுக்கு வந்திருந்தபோது நாம் தொடங்கிய வாக்குவாதம் பாதியில் நின்றுவிட்டது. உனக்கு பஸ்சுக்கு நேரமாகிவிட்டது. உன் அம்மாவும் "இந்த வீட்டில் தேர்தல் பேசியது போதும்" என்று இருவரையும் சேர்த்தே அடக்கிவிட்டாள். விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். வீட்டுச் சண்டையை ஏன் ஊருக்கு எடுத்துப் போகிறீர்கள் என்று கோபித்துக்கொள்ளாதே. தொலைக்காட்சிச் செய்தி மேசையில் உட்கார்ந்து நீ எழுதுவது ஊருக்கு. எனவே பதிலும் ஊரறியவே இருக்கட்டும்.

நீ சொன்னது இது. 2024 மக்களவைத் தேர்தலில் சென்னை பாதிக்குச் சற்று மேல்தான் வாக்களித்தது. எனவே 'சோம்பேறிச் சென்னை' என்று உங்கள் தொலைக்காட்சி திரையின் அடியில் ஓடவிட்டதில் தவறில்லை. ஊடகம் ஒருதலைப்பட்சமாக இருக்கிறது என்று எல்லாவற்றுக்கும் திட்டுகிறார்கள், எண்ணில் என்ன கட்சி இருக்கிறது என்று கேட்டாய். எண்ணில் கட்சி இல்லைதான். ஆனால் எண்ணுக்கு ஓர் ஊற்று உண்டு. அதை அன்று செய்தி மேசையில் இருந்த யாராவது கேட்டீர்களா?

அந்த வெள்ளிக்கிழமையை நினைவுபடுத்துகிறேன். ஏப்ரல் 19. இரவு 7 மணி நிலவரம் என்று சொல்லித் தலைமைத் தேர்தல் அதிகாரி சத்யபிரதா சாகு தமிழ்நாட்டுக்கு 72.09 சதவீதம் என்றார். தென்சென்னை 67.82, மத்திய சென்னை 67.35, வடசென்னை 69.26. சென்னையில் இவ்வளவா என்று நானே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நள்ளிரவு வாக்கில் வேறு எண்கள் வந்தன. மாநிலம் 69.46. தென்சென்னை 54.27, மத்திய சென்னை 53.91, வடசென்னை 60.13. ஒரே இரவில் தென்சென்னையில் பதின்மூன்றரைப் புள்ளி காணாமல் போனது. எங்கள் தருமபுரியில் நேர்மாறாக, மாலையில் 75 சொச்சம் என்றவர்கள் பிறகு 81 என்றார்கள். எல்லாம் அடங்கியபின் மாநிலத்தின் இறுதிக் கணக்கு 69.72 என்று நின்றது.

என்ன நடந்தது என்று சாகு விளக்கம் சொன்னார். சில வாக்குச்சாவடிகளிலிருந்து செயலி வழியே வந்த விவரங்களை வைத்துக் கணித்த எண் அது. எல்லாச் சாவடிகளின் எண்ணும் சேர்ந்ததும் மாறிவிட்டது. விளக்கத்தில் எனக்குக் குறையில்லை. அதைப் பிறகு சொன்னதில்தான் குறை. ஏழு மணிக்கே "இது மதிப்பீடு, மாறும்" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். அந்த வரியை அதிகாரி சொல்லாவிட்டால் நிருபர் கேட்டிருக்க வேண்டும். நீங்களோ ஏழு மணிக்கு அசத்தல் என்றீர்கள், பொழுது விடிந்ததும் சோம்பேறி என்றீர்கள். இடைப்பட்ட நேரத்தில் சென்னைவாசி ஒருவரும் எதுவும் செய்யவில்லை, தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

இந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று உனக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆசிரியர் வேலையில் இருந்த காலத்தில் பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக உட்கார்ந்தவன் நான். பென்னாகரம் பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில், குழந்தைகள் உட்காரும் குட்டை பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டுத்தான் சாவடி அமைப்போம். விடியுமுன்பே முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு, அதை அழித்துக் கருவிக்கு முத்திரை, ஏழு மணிக்கு முதல் வாக்காளர். அதன்பின் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மண்டல அலுவலரிடமிருந்து போன் வரும். "சார், எவ்வளவு?" வாசலில் வரிசை நிற்கிறது, மை வைக்கும் அம்மா குப்பியைக் கவிழ்த்துவிட்டார், பார்வை இல்லாத பெரியவரோடு யார் உள்ளே போவது என்று இரண்டு முகவர்கள் முறைத்துக்கொண்டிருக்கிறார்கள். பதிவேட்டின் கடைசி வரிசை எண்ணை எட்டிப் பார்த்து "நானூற்றுச் சொச்சம்" என்று சொல்லிவிட்டு வைப்போம். அந்தச் சொச்சம் மண்டலத்தில் கூட்டப்பட்டு, மாவட்டத்தில் கூட்டப்பட்டு, மாநிலத்துக்குப் போய், இரண்டு தசமத் துல்லியத்தோடு உன் திரையில் வந்து நிற்கும். நான் சொன்ன சொச்சத்துக்கு அந்தத் தசமம் எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று வீட்டுக்கு வந்து தொலைக்காட்சி பார்க்கும்போதெல்லாம் யோசிப்பேன்.

உண்மையான எண் ஆறு மணிக்கு மேல் பிறக்கிறது. ஆறு அடித்ததும் வரிசையில் நிற்பவர்களுக்கு டோக்கன் கொடுப்போம். கடைசியில் நிற்பவருக்கு முதல் டோக்கன். அங்கிருந்து முன்னோக்கி வருவோம். புதிதாக யாரும் வாலில் வந்து ஒட்டிக்கொள்ள முடியாது. டோக்கன் வாங்கியவர் எட்டு மணி ஆனாலும் வாக்களிக்கலாம். எல்லோரும் முடித்ததும் கருவியை மூடும் பொத்தானை அழுத்தி, மொத்தத்தைப் பார்த்து, 17சி படிவத்தை நிரப்புவோம். சாவடியின் வாக்காளர்கள் எத்தனை பேர், பதிவேட்டில் ஏறியவர்கள் எத்தனை பேர், கையெழுத்துப் போட்டுவிட்டு வாக்களிக்க மறுத்தவர் உண்டா, கருவியில் பதிவான வாக்குகள் எத்தனை. அதில் சதவீதமே கிடையாது, தலை எண்ணிக்கை மட்டும்தான். கையெழுத்திட்டு, அங்கே இருக்கும் ஒவ்வொரு கட்சி முகவருக்கும் ஒரு நகல் கொடுப்போம். அந்த நகலை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு டீ குடித்துவிட்டு அவர் வீட்டுக்குப் போவார். தமிழ்நாட்டில் 68 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாவடிகள். அன்று இரவு அத்தனை சாவடிகளின் கணக்கும் யாரோ ஒருவர் சட்டைப் பையில் இருந்தது. உங்கள் நிருபர்கள் எத்தனை முகவர்களிடம் அதைக் கேட்டு வாங்கினார்கள்?

தமிழ்நாட்டோடு இது நிற்கவில்லை. முதல் கட்டத் தேர்தலின் இரவு நாடு முழுவதற்கும் அறுபது சதவீதத்தை ஒட்டி ஓர் எண் சொன்னார்கள். இறுதி எண் 66.14 என்று தேர்தல் ஆணையம் அறிவித்தது ஏப்ரல் 30 அன்று. பதினொரு நாள்! அப்போதும் சதவீதம் மட்டும்தான், எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்ற எண்ணிக்கை இல்லை. 17சி விவரங்களைப் பொதுவில் போடுங்கள் என்று, தேர்தல் சீர்திருத்தத்துக்காக இயங்கும் ஏடிஆர் அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. போட்டால் படங்களைத் திரித்துக் குழப்பம் விளைவிப்பார்கள் என்றது ஆணையம். மே 24 அன்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவு தர மறுத்தது. மறுநாளே ஆணையம் முதல் ஐந்து கட்டங்களின் வாக்கு எண்ணிக்கையைத் தொகுதிவாரியாகத் தானாக வெளியிட்டது. இவ்வளவு எளிதில் முடிகிற காரியத்துக்கு முந்தைய நாள் வரை எதற்கு அத்தனை வாதம் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அந்தப் பதினொரு நாளில் ஊடகம் இரண்டாகப் பிரிந்துகொண்டது. ஒரு பாதி வாயே திறக்கவில்லை. மறு பாதி, அதிலும் யூடியூபில் கடை விரித்தவர்கள், 'இரவில் வாக்குகள் முளைத்தன' என்று அலறினார்கள். சதவீதம் இரவில் ஏறுவதே திருட்டுக்குச் சான்று என்றால், டோக்கனோடு இருட்டில் நின்ற எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாம் திருடிகளா? சந்தேகம் இருந்தால் முகவரின் நகலையும் ஆணையத்தின் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டு. அதைச் செய்ய வெயிலில் அலைய வேண்டும். அலறுவதற்கு ஒரு மைக் போதும்.

ஊடக நியாயம் என்றதும் எந்தத் தொலைக்காட்சி எந்தக் கட்சிக்கு என்று பட்டியல் போட ஆரம்பித்துவிடுகிறோம். நம் ஊரில் அது எனக்குப் பெரிய கவலை இல்லை. கலைஞர் தொலைக்காட்சி, ஜெயா, மக்கள், கேப்டன் என்று பெயரிலேயே விலாசம் எழுதியிருக்கிறது. பார்க்கிறவனும் அதற்குத் தகுந்த உப்பைப் போட்டே பார்க்கிறான். கொடி கட்டாத கப்பல்தான் ஆபத்து. வரிப்பணத்தில் நடக்கும் டிடி நியூஸ், முதல் கட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, ஏப்ரல் 16 அன்று, தன் இலச்சினையைச் சிவப்பிலிருந்து காவிக்கு மாற்றியது. நிறத்தைக்கூட விட்டுவிடலாம். மே மாதம் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குத் தூர்தர்ஷனிலும் வானொலியிலும் ஒதுக்கும் பேச்சு நேரத்தில், மார்க்சிஸ்ட் கட்சியின் சீதாராம் யெச்சூரி உரையிலிருந்து 'வகுப்புவாத சர்வாதிகார ஆட்சி' என்ற தொடரை எடுக்கச் சொன்னார்கள். ஃபார்வர்டு பிளாக்கின் தேவராஜனை 'முஸ்லிம்கள்' என்ற சொல்லையே விடச் சொன்னார்கள். விதிப்படி செய்தோம் என்று, இரண்டையும் நடத்தும் பிரசார் பாரதி பதில் சொன்னது. எதிர்க்கட்சி எதிர்க்கட்சியாகப் பேசக் கூடாது என்றால் அந்த நேரத்தை எதற்கு ஒதுக்குகிறார்கள்?

வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கருத்துக்கணிப்பைப் பற்றி நீயே வெட்கப்பட்டாய் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜூன் 1 மாலை பெரிய நிறுவனங்கள் பல பாஜக கூட்டணிக்கு 350க்கு மேல், 400 வரை என்றன. தமிழ்நாட்டில் பாஜக கணக்கைத் தொடங்கிவிடும் என்றும் பல கணிப்புகள் சொல்லின. ஜூன் 4 அன்று வந்தது 293. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளும் திமுக கூட்டணிக்கு. கணிப்பு பொய்ப்பது பாவமில்லை. கணிப்பை நடந்து முடிந்த செய்தியின் குரலில் படித்தீர்களே, அதைத்தான் சொல்கிறேன். ஏப்ரல் 19 ஏழு மணிச் சங்கதியும் அதே குரல்தான்.

இனி உன் 'சோம்பேறி'க்கு வருகிறேன். பரந்தூர் விமான நிலையத்தை எதிர்க்கும் ஏகனாபுரத்து மக்கள் அந்தத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். சாவடி வெறிச்சோடிக் கிடந்தது. சதவீதத்தை மட்டும் பார்த்தால் மாநிலத்திலேயே பெரிய சோம்பேறிகள் அவர்கள்தான். ஆனால் தினந்தோறும் மாலையில் கூடிப் போராடிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். சென்னையில் வாக்களிக்காதவர்களில் வெயிலைச் சாக்கு வைத்துக் குளிர்சாதன அறையில் படுத்தவர்கள் நிச்சயம் இருந்தார்கள். அவர்களுக்கு நான் வக்கீல் இல்லை. அதோடு வீடு மாறியும் பெயர் மாறாதவர்கள், இறந்தும் பட்டியலில் வாழ்கிறவர்கள், விடுமுறை விட வேண்டும் என்று சட்டம் சொல்லியும் கடை முதலாளி விடாதவர்கள் எத்தனை பேர்? உங்களில் யாராவது ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, பட்டியலைக் கையில் வைத்து, வீடு வீடாகக் கேட்டிருந்தால் நாலு நாள் ஓடக்கூடிய செய்தி கிடைத்திருக்கும்.

உன்னையே எடுத்துக்கொள். வேளச்சேரியில் குடியிருக்கிறாய். தேர்தல் அன்று காலை முதல் நள்ளிரவு வரை ஷிஃப்ட். களத்தில் செய்தி சேகரிக்க ஆணையத்தின் அனுமதிக் கடிதம் பெற்றவர்களுக்குத் தபால் வாக்கு வசதி வந்திருந்தது. மேசையில் உட்கார்ந்திருக்கும் உனக்கு அது கிடைக்கவில்லை. உன் பெயரோ இன்னும் இங்கே, அம்மாவின் பெயருக்குக் கீழே இருந்தது. ஆக நீ வாக்களிக்காத கணக்கு சோம்பேறிச் சென்னையில் ஏறவில்லை. 81.20 சதவீதம் வாக்களித்து மாநிலத்திலேயே முதலிடம் பிடித்த தருமபுரியின் மீதிப் பதினெட்டுச் சொச்சத்தில் ஏறியது! பெங்களூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பஸ்சில் நின்றுகொண்டே வந்து வாக்களித்துவிட்டு அன்றிரவே திரும்பிய பையன்களுக்கு நீ கணக்கில் ஒரு வாக்கு குறைத்தாய். அதற்காக உன்னைச் சோம்பேறி என்று நான் சொல்லமாட்டேன். பதினாறு மணி நேரம் உழைத்தவன்.

கடைசியாக ஒன்று, இதற்காகத்தான் இன்றே எழுதுகிறேன். வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் கணக்கெடுப்பு முடிந்து 2025 டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுக்க ஏறக்குறைய 97 லட்சம் பெயர்கள் நீங்கியிருக்கின்றன. சென்னை மாவட்டத்தில் மட்டும் 40 லட்சத்தில் 14 லட்சத்துக்கும் மேல். அதில் எது நியாயம், எது அநியாயம் என்பது தனிச் சண்டை. அதை அடுத்த விடுமுறைக்கு வைத்துக்கொள்வோம். இப்போதைக்கு வகுத்தல் கணக்கு மட்டும் போடு. 40 லட்சம் பேரில் 22 லட்சம் பேர் வாக்களித்தால் 55 சதவீதம். பட்டியல் 26 லட்சமாகச் சுருங்கியபின், கூடுதலாக ஓர் ஆள்கூட வராமல் அதே 22 லட்சம் பேர் வந்தால் 84 சதவீதத்துக்கு மேல். புதிதாகப் பெயர் சேர்ப்பவர்களால் எண்கள் கொஞ்சம் மாறலாம். கணக்கு போகும் திசை மாறாது.

எனவே வரும் சட்டமன்றத் தேர்தல் இரவில் சென்னையின் சதவீதம் எகிறும். 'விழித்தெழுந்தது சென்னை' என்று உன் மேசையில் யாராவது தட்டச்சு செய்யத் தொடங்குவார். அப்போது சதவீதத்துக்குப் பக்கத்தில் வாக்களித்தவர்களின் எண்ணிக்கையையும் 2024இன் எண்ணிக்கையையும் போடச் சொல். போட இடமில்லை என்றால் அடியில் ஓடும் நகைக்கடை விளம்பரத்தைக் கொஞ்சம் நகர்த்தச் சொல். முடிந்தால் நிருபர் ஒருவரை ஏதாவது ஒரு சாவடியில் கடைசி டோக்கன் முடியும்வரை இருக்கச் சொல், முகவரிடம் 17சி நகலைப் படம் எடுத்து வரட்டும்.

வேளச்சேரி முகவரிக்குப் பெயரை மாற்ற 8ஆம் படிவம் கொடுத்தாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். கொடுக்கவில்லை என்றால் அவளிடம் நீயே சொல்லிக்கொள். நான் நடுவில் வரமாட்டேன்.

அன்புடன்
மாமா