தண்ணி மெயின் லைன் வேலை முடிஞ்சது: உறுப்பினர்களுக்கு குழுவோட நிறைவு அறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். பழைய வார்ப்பிரும்பு லைனை எடுத்துட்டு டக்டைல் அயர்ன் (சட்டுனு உடையாம நீண்டு கொடுக்கற இரும்பு) பைப் போடற வேலை முழுசா முடிஞ்சிடுச்சு, டெஸ்ட் பண்ணி, லைனைக் கழுவி விட்டு, தண்ணியும் திறந்தாச்சு. வரவு செலவு தனியா வரும். இதுல என்ன போட்டோம், ஏன் அப்படிப் போட்டோம்னு மட்டும் சொல்றோம், ஏன்னா பள்ளத்துகிட்ட நின்னு நிறைய பேர் கேட்டீங்க, அப்போ இருந்த அவசரத்துல நிதானமா பதில் சொல்ல முடியல.

அதிகம் பேர் கேட்டது, எடுக்கறதும் இரும்பு போடறதும் இரும்பு, அப்புறம் என்ன வித்தியாசம்ங்கறதுதான். வித்தியாசம் உள்ள இருக்கற கிராஃபைட்டுல. பழைய வார்ப்பிரும்புல அது செதில் செதிலா கிடக்கும், விரிசல் அந்த செதில் ஓரத்துலயே பிடிச்சு ஓடிடும். உருகின இரும்புல கொஞ்சூண்டு மக்னீசியம் சேர்த்தா அதே கிராஃபைட் குட்டி குட்டி உருண்டையா மாறிடுது, விரிசலுக்கு வழி கிடைக்காது. 1943ல கீத் மில்லிஸ் கண்டுபிடிச்ச விஷயம் இது. ஐ.எஸ்.ஓ. 2531ங்கற சர்வதேச தரநிலை படி நம்ம சைஸ் பைப் குறைஞ்சது 420 மெகாபாஸ்கல் இழுவை தாங்கணும், உடையறதுக்கு முன்னாடி 10 சதவீதமாவது நீளணும். பழசு ஒரு சதவீதம்கூட நீளாது. தோண்டி எடுத்த துண்டு ஒண்ணைப் பார்த்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும், சாக்பீஸை ஒடிச்ச மாதிரி குறுக்க நேரா முறிஞ்சிருந்தது.

அடுத்தது சைஸ். டி.என். (பைப்போட பெயரளவு சைஸ்) 150னு ஆர்டர் போட்டுட்டு 170 மில்லி வந்திருக்கேன்னு டேப் வச்சு அளந்து ஒருத்தர் கேட்டார், நல்ல கேள்வி. 150ங்கறது பேர் மட்டும்தான், வெளிவிட்டம் 170 மில்லி, டி.என். 100க்கு 118, 200க்கு 222. கனம் கூடினாலும் குறைஞ்சாலும் வெளிவிட்டம் மாறாது, உள் பக்கம்தான் மாறும், அதனால பின்னாடி ரிப்பேர் கிளாம்ப் வாங்கறவங்க வெளிவிட்டத்தைச் சொல்லி வாங்குங்க. நாம போட்டது கே9ங்கற கன வகுப்பு. சைஸை ஆயிரத்தால வகுத்து 0.5 கூட்டி 9ஆல பெருக்கினா கனம் வரும், 150க்கு 5.85 வருது, ஆனா 6 மில்லிக்குக் கீழ போகக் கூடாதுங்கறதால 6. 100 போதாதான்னு கூட்டத்துல பெரிய விவாதமே நடந்தது, அதே அழுத்த இழப்புக்கு 150ல கிட்டத்தட்ட 3 மடங்கு தண்ணி போகும், அதுக்காகத்தான் குழு பிடிவாதமா நின்னுச்சு, இன்னிக்கும் அது சரியான முடிவுன்னுதான் நினைக்கிறோம்.

உள்ள சிமெண்ட் பூச்சு, வெளிய துத்தநாகம், அதுமேல தார் மாதிரியான பிடுமென், எல்லாம் ஃபேக்டரியிலேயே போட்டு வந்தது.

ஜாயிண்ட்தான் உண்மையான வேலை. வெல்டிங் கிடையாது, ஒரு பைப்போட வாய்க்குள்ள இன்னொரு பைப்போட முனையைத் தள்ளறது, நடுவுல கசிவைத் தடுக்க ரப்பர் வளையம், அதுதான் கேஸ்கெட். கேஸ்கெட்டை இதய வடிவத்துல மடக்கி, பைப் வாய்க்குள்ள இருக்கற பள்ளத்துல வச்சு விட்டா சடக்குனு உட்காரும், கெட்டியான விளிம்பு வாய் பக்கம், மெத்துன்னு இருக்கற பக்கம் உள்ள. மண்ணு கொஞ்சம் இருந்தாலும் கசியும்ங்கறதால துடைக்கறதுக்கே தனியா ஒரு ஆள் நின்னார். சோப்பு வகை வழுக்கு பேஸ்ட்தான் தடவணும், ஆயில் கிரீஸ் பட்டா கேஸ்கெட்டோட இ.பி.டி.எம். வகை ரப்பர் ஊதிடும். முனையில ரெண்டு வெள்ளைக் கோடு இருக்கும், முதல் கோடு உள்ள போயிடணும், ரெண்டாவது வெளிய தெரியணும். நேரா தள்ளி முடிச்ச பிறகுதான் வளைக்கணும், ஒரு ஜாயிண்ட்டுக்கு மூணரை டிகிரி வச்சாலே அஞ்சரை மீட்டர் பைப்புல சுமார் 34 சென்டிமீட்டர் திரும்பிடும், லேசான வளைவுக்கெல்லாம் பெண்ட் (வளைவுத் துண்டு) தேவைப்படல.

தண்ணி அழுத்த டெஸ்ட்டுல ஒரு இடம் கசிஞ்சது, மறைக்க விரும்பல. சைட்டுல கிரைண்டர்ல வெட்டின துண்டு அது, வெட்டின விளிம்பைச் சரிவா தேய்க்காம அப்படியே தள்ளிட்டாங்க, கூர்மையான விளிம்பு கேஸ்கெட்டைத் தள்ளிக் கிழிச்சிருச்சு. கழட்டி, விளிம்பைத் தேய்ச்சு, வெட்டின இடத்துல பெயிண்ட் அடிச்சு, புது கேஸ்கெட் போட்டோம். ஜாயிண்ட்டை எல்லாம் மூடாம திறந்தே விட்டிருந்ததாலதான் உடனே கண்ணுல பட்டது, அத்தனை நாள் பள்ளம் திறந்து கிடந்து சிரமப்பட்டவங்க மன்னிக்கணும். தண்ணி நிரப்பி ஒரு நாள் சும்மா வச்சதும் தாமதம் இல்ல, சிமெண்ட் பூச்சு முதல்ல தண்ணி குடிக்கும், அது அடங்கின பிறகு கசிவை அளந்தாதான் கணக்கு சரியா வரும்.

கடைசியா, பெண்ட்டுகளுக்குப் பின்னாடி வச்சிருக்கற கான்கிரீட் கட்டைகள். தள்ளு ஜாயிண்ட்டுக்கு இழுவையைத் தாங்கற பிடி கிடையாது. 10 பார் அழுத்தத்துல 150 சைஸ் 90 டிகிரி பெண்ட்டை தண்ணி வெளிய தள்ற விசை சுமார் 3.3 டன், கட்டை இல்லேன்னா பெண்ட் கழண்டுக்கும். அந்த விசையைத் தாங்கறது கட்டைக்குப் பின்னாடி இருக்கற, தோண்டாத மண்ணுதான், அதனால அங்க யாரும் எதுக்காகவும் பள்ளம் எடுக்க வேண்டாம், எடுத்தே ஆகணும்னா முதல்ல வால்வை மூடச் சொல்லுங்க. வால்வ் இருக்கற இடம் மட்டும் ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கற விளிம்புத் தட்டு), போல்ட்டை எதிரெதிரா முறுக்கியிருக்கோம்.

பெண்ட், வால்வ் எங்கெங்க இருக்குன்னு அளந்து போட்ட வரைபடம் செயலாளர்கிட்ட இருக்கு. மிச்சமான கேஸ்கெட்டை வெயில் படாம ஸ்டோர் ரூம்ல வச்சிருக்கோம், தயவுசெஞ்சு யாரும் அதை ஜன்னல் பக்கம் மாத்தி வைக்காதீங்க.