நடந்து போகிற தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்பத்தோடு வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை எங்கே படிக்கவைப்பது என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. சர்வதேசப் பள்ளிதான் பாதுகாப்பு, உள்ளூர்ப் பள்ளியில் போட்டால் பிள்ளையின் படிப்பு கெட்டுவிடும் என்பதுதான் அதன் சாரம். என் மகள் டோக்கியோவில் ஒரு ஜப்பானிய அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். நான் கண்ணால் பார்ப்பது வேறாக இருப்பதால் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது நிஷி கசாய். 2000-ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கல் காலத்திலிருந்தே மென்பொருள் வேலைக்கு வந்த நம் ஆட்கள் குடியிருக்கும் பகுதி. கருவேப்பிலை, இட்லி அரிசி எல்லாம் கிடைக்கும். சிபிஎஸ்இ பாடத்திட்டப் பள்ளிகளும் எட்டும் தூரத்தில் உண்டு. மூன்றரை ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் வந்தபோது, பார்த்தவர்கள் எல்லாரும் அவற்றைத்தான் கைகாட்டினார்கள். இரண்டு வருடத்தில் திரும்பிவிடுவீர்கள், எதற்கு வம்பு என்றார்கள். அந்த இரண்டு வருடம் எப்போதோ முடிந்துவிட்டது. இங்கே பெரும்பாலான வீடுகளில் இதுதான் கதை.

செலவும் யோசிக்க வைத்தது, மறைக்கவில்லை. மேற்கத்தியப் பாடத்திட்டச் சர்வதேசப் பள்ளி என்றால் டோக்கியோவில் ஆண்டுக்கு 20 லட்சம் யென்னைத் தாண்டும். அரசுப் பள்ளியில் கல்விக் கட்டணம் கிடையாது, பாடநூலும் இலவசம். ஆனால் எங்களை முடிவெடுக்க வைத்தது பணம் அல்ல. மாலையில் எங்கள் குடியிருப்புக்குக் கீழே உள்ள பூங்காவில் இருபது பிள்ளைகள் விளையாடுவார்கள். என் மகள் ஊஞ்சலில் தனியாக உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அவர்கள் எல்லாரும் ஒரே பள்ளி. இவள் பேருந்தில் வேறெங்கோ போய் வந்தால் எத்தனை வருடம் ஆனாலும் அந்த ஊஞ்சலில்தான் இருப்பாள் என்று எனக்குத் தோன்றியது.

ஏப்ரலில் முதல் வகுப்பு. மஞ்சள் தொப்பி, முதுகை மறைக்கும் ரந்தோசெரு பை. கணக்குப் பெட்டி என்று ஒன்று வாங்கச் சொன்னார்கள். அதிலுள்ள எண்ணும் குச்சி, வில்லை ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயர் இருக்க வேண்டும். இரண்டு இரவு உட்கார்ந்து ஒட்டினேன். தரை துடைக்கத் தைத்த துணியும் கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் வகுப்பறையைப் பிள்ளைகள்தான் கூட்டித் துடைக்கிறார்கள். மதிய உணவைப் பரிமாறுவதும் அவர்களே, முறை வைத்து. வீட்டில் தட்டை எடுத்து வைக்காத பெண், சூப் கரண்டியை வாங்கி எல்லாருக்கும் ஊற்ற ஆரம்பித்தது அந்த ஆண்டுதான்.

முதல் ஆறு மாதம் கஷ்டம். வகுப்பில் வாயே திறக்கவில்லை. எங்கள் வார்டு நிர்வாகத்திலிருந்து ஜப்பானியம் சொல்லித்தர ஒருவர் வந்து உதவினார். எங்களுக்கு எதிர்பாராமல் துணை நின்றது தமிழ். ‘வதாஷி வா கக்கோ னி இகிமஸ்’ என்றால் ‘நான் பள்ளிக்குப் போகிறேன்’. சொற்கள் நிற்கும் வரிசை அப்படியே நம்முடையது. அந்த ‘னி’ நம் ‘கு’ உருபு செய்யும் வேலையைச் செய்கிறது. ஆங்கிலம் வழியாகப் படித்துத் திணறிக்கொண்டிருந்த எனக்கே, இவள் தமிழில் மாற்றிச் சொன்ன பிறகுதான் அந்த மொழி பிடிபட்டது. தமிழ் நன்றாகப் பேசும் பிள்ளைக்கு ஜப்பானியம் எட்டாத மலை இல்லை.

தினமும் பாடத்தை உரக்கப் படிப்பது வீட்டுப்பாடம். பெற்றோர் கேட்டுவிட்டு அட்டையில் ஒப்பம் போட வேண்டும். ஒரு வருடம் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்டு ஒப்பமிட்டேன். இரண்டாம் வகுப்பில் வாய்ப்பாடு வந்தது. ‘னினின் கா ஷி’ என்று அவள் ராகம் போட, பக்கத்திலிருந்து என் மாமியார் ‘ஈரிரண்டு நாலு’ என்று சொல்ல, வீடே திண்ணைப் பள்ளிக்கூடம்போல இருந்தது. ஜப்பானியத்தில் வழங்கும் சீன எழுத்தான கான்ஜி முதல் வகுப்பில் 80, இரண்டாவதில் 160, மூன்றாவதில் 200. ஆக, 440 எழுத்து முடித்துவிட்டாள். படிப்பு கெட்டுவிடும் என்பவர்கள் அந்த நோட்டைப் பார்க்க வேண்டும்.

மனம் வலித்த நாளும் உண்டு. பள்ளியில் காதில் எதுவும் அணியக் கூடாது. கம்மலைக் கழற்றி அனுப்பச் சொல்லிக் குறிப்பு வந்தது. ஒரு வயதில் தாய்மாமன் மடியில் வைத்துக் குத்திய காது, கழற்றினால் தூர்ந்துவிடுமே என்று அழுதேவிட்டேன். அப்புறம் காதுகுத்துப் படத்தை எடுத்துக்கொண்டு நேரில் போய், கைப்பேசி மொழிபெயர்ப்பை வைத்து விளக்கினேன். வகுப்பாசிரியர் பொறுமையாகக் கேட்டார். சிறிய பொட்டுக் கம்மல் இருக்கலாம், விளையாட்டு நேரத்தில் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளட்டும் என்று முடிந்தது. நாம் போய்ப் பேசினால் காது கொடுக்கிறார்கள். பேசாமல் உள்ளுக்குள் குமுறினால் அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

எல்லாப் பிள்ளைக்கும் இது சரி என்று சொல்ல மாட்டேன். பதின்மூன்று, பதினான்கு வயதில் இங்கே வரும் பிள்ளையை உள்ளூர்ப் பள்ளியில் சேர்க்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஒன்பதாம் வகுப்போடு இங்கே கட்டாயக் கல்வி முடிந்து, மேல்நிலைப் பள்ளிக்கு ஜப்பானிய மொழியில் நுழைவுத்தேர்வு வந்துவிடும். ஆங்கிலம் முறையான பாடமாக ஐந்தாம் வகுப்பில்தான் தொடங்குகிறது, அதுவும் 2020 முதல்தான். ஆகவே ஆங்கிலமும் தமிழும் எங்கள் வீட்டுப் பொறுப்பு. தினமும் அரை மணி நேரம் தமிழ் வாசிக்கிறோம், சனிக்கிழமை எழுத்து. விட்டுப்போன வாரங்கள் நிறைய, ஆனாலும் தொடர்கிறோம். ஊர் திரும்பினால் சில மாதம் திணறுவாள், தெரியும். ஒன்றும் தெரியாத மொழியில் ஆறு மாதம் தாக்குப்பிடித்த பெண் அதையும் கடப்பாள் என்று நம்புகிறேன். சிபிஎஸ்இ-க்கும் ஏப்ரலில்தான் ஆண்டு தொடங்குகிறது என்பது ஒரு வசதி.

இப்போது மாலையானால் பூங்காவில் அவள் குரல்தான் உரக்கக் கேட்கிறது. கடைக்கு நடந்து போனால் மூன்று வீட்டு அம்மாக்கள் என்னை இன்னாருடைய அம்மா என்று கூப்பிட்டு நிறுத்துகிறார்கள். மூன்றரை வருடத்தில் எனக்கு இந்த ஊரில் அறிமுகமானவர்களில் முக்கால்வாசிப் பேர் அவள் பள்ளி வழியாக வந்தவர்கள்.

உங்கள் இதழ் ஒன்றை மட்டும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஜப்பானில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டாயமில்லை. ஆனால் பெற்றோர் கேட்டால் ஜப்பானியப் பிள்ளைகளைப் போலவே இலவசமாகச் சேர்த்துக்கொள்வார்கள். நாமாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். இது தெரியாமலே பல குடும்பங்கள் வருகின்றன. பள்ளிக்கே போகாமல் இருக்கக்கூடிய வெளிநாட்டுப் பிள்ளைகள் ஏறத்தாழ 20,000 பேர் என்று 2019-இல் கல்வி அமைச்சகமே கணக்கு சொன்னது. குடியிருப்புப் பதிவுக்காக வார்டு அலுவலகம் போகும் அன்றே கல்விப் பிரிவிலும் விசாரித்துவிடுங்கள். ஏப்ரலில் முதல் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு முந்தைய ஆண்டு அக்டோபர், நவம்பர் வாக்கிலேயே உடல் பரிசோதனை நடந்துவிடும். அதைத் தவறவிட்டாலும் சேர்த்துக்கொள்வார்கள், பிள்ளைதான் பள்ளியை முன்கூட்டிப் பார்க்கும் வாய்ப்பை இழந்துவிடும்.

அன்புடன்,
ஒரு வாசகி,
நிஷி கசாய், டோக்கியோ