பாப்பாவுக்கு, அந்தச் சிவப்புக் காய் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய போட்டோவை அப்பாவிடமும் காட்டினேன். கூடை நிறைய காட்டு ரோஜாக் காய், பக்கத்தில் முள் கீறின உன் கை. "ஸ்காட்லாந்தில் இதெல்லாம் சும்மாவே கிடைக்குதா?" என்று கேட்டுவிட்டு டிவி பக்கம் திரும்பிவிட்டார். நான்தான் மேலே போட்டிருந்த நாளைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை, பகல் 11 மணி. லீவு எடுத்திருப்பாய். எடுக்க வேண்டியதுதான், எப்போது பார்த்தாலும் வேலை வேலை என்று இருந்தவள் தானே.

அண்ணனுக்கு இங்கே சிங்கப்பூர்ப் பொங்கோல் வீட்டுச் சாவி கிடைத்துவிட்டது. அதை அப்புறம் எழுதுகிறேன்.

இராத்திரி தூக்கம் வரவில்லை, அந்தக் காயைப் பற்றித் தேடிப் படித்தேன். உறைபனி விழுந்தபின் பறித்தால் காய் மெத்தென்று ஆகிவிடும் என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னதாக எழுதியிருந்தாயே, அது சரிதான். ஆனால் அதுவரை பறவைகள் விட்டுவைக்க வேண்டுமே. நன்றாகச் சிவந்ததும் பறித்து ஃபிரீசரில் ஒரு இரவு போட்டு வை, அதே பதம் வந்துவிடும். கார் போகிற ரோட்டோரம் பறிக்காதே. கையுறை போட்டுக்கொள்.

உள்ளே விதையைச் சுற்றி மயிர் மயிராக இருக்கும், அதுதான் மோசம். தொண்டையில் பட்டால் அரித்து எடுத்துவிடும். அந்த ஊர்ப் பிள்ளைகள் அதை எடுத்து அடுத்தவன் சட்டைக்குள் போட்டு விளையாடுவார்களாம். சிரப் காய்ச்சும்போது, உன் பெட்டியில் வைத்தனுப்பிய வேட்டித் துணியை நாலாக மடித்து, இரண்டு தடவை வடிகட்டு. 900 கிராம் காய்க்கு 1.7 லிட்டர் கொதிக்கிற தண்ணீர், வடித்த சக்கையில் அதில் பாதித் தண்ணீர் விட்டு இன்னொரு கொதி. இரண்டு சாற்றையும் சேர்த்து பாதிக்கும் கீழே சுண்டியபின், அரை கிலோவுக்குச் சற்று மேலே சர்க்கரை போட்டு ஐந்து நிமிடம். செம்புப் பாத்திரம் வேண்டாம், வைட்டமின் சி போய்விடும். எவர்சில்வர் போதும்.

இது போர்க்காலத்துக் கணக்கு. ஆரஞ்சு வரத்துக் குறைந்துபோய், 1941-ல் பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளை விட்டு வேலியோரமெல்லாம் இந்தக் காயைப் பறிக்கச் சொன்னார்கள். குழந்தைகளுக்கு சிரப் காய்ச்சத்தான். அடுத்த வருஷம் இங்கே ஜப்பான்காரன் வந்து ஆயா மரவள்ளிக்கிழங்கைத் தின்ற கதைதான் உனக்கு மனப்பாடமாச்சே. அவர்கள் பஞ்சத்துக்குச் செய்தார்கள். நீ ஆசைக்குச் செய்கிறாய், இல்லையா?

தேக்காவில் நெல்லிக்காய் வாங்கி நான் தேனில் ஊறப்போட்டால் முகத்தைச் சுளிக்கிறவள், இன்றைக்குத் தானே காய் பறித்து சிரப் காய்ச்சுகிறாள் என்று அத்தையிடம் பீற்றிக்கொண்டேன். அத்தை போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்துவிட்டு, "வேலை நாள்ல எப்படி நேரம் கிடைச்சுது?" என்றாள். லீவு என்று சொல்லிவிட்டேன். அவள் விடவில்லை. ஆபீஸில் நிறைய லீவு கொடுப்பார்கள் என்றும் சொல்லிவிட்டேன். இதெல்லாம் நீ சொல்லி நான் அவளிடம் சொல்ல வேண்டியது. நானாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பறிக்கும் முன் யாரையாவது கேட்டுக்கொண்டாயா? இங்கே பூங்காவில் ஒரு மாங்காயைக் கேட்காமல் பறித்தாலே அபராதம். அங்கே சட்டம் எப்படியோ, கேட்டுவிடுவது நல்லது. கையுறையை மறக்காதே.

சிரப்பைச் சின்னச் சின்ன பாட்டிலாக ஊற்று. திறந்தால் ஒன்றிரண்டு வாரம்தான் தாங்கும். பெரிய பாட்டிலில் ஊற்றிவைத்தால் பாதி கெட்டுப்போகும், நீயோ ஒற்றை ஆள். பாட்டில் வாங்கிக்கொள்ள உன் கணக்கில் 2,000 வெள்ளி போட்டிருக்கிறேன். அங்கே எல்லாமே விலை ஏறிவிட்டது என்று நீதானே சொன்னாய். அப்பாவிடம் இதைப் பற்றிப் பேச்செடுக்காதே.

சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். எந்த நாளானாலும் கூப்பிடு, உனக்குப் பகலாக இருந்தாலும் சரி.

அம்மா