கிறீச்சிடுவது குற்றமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒலியின் ஒவ்வொரு அலைவரிசைப் பகுதியையும் கூட்டிக் குறைக்கும் கருவி ஈக்வலைசர். அந்த வேலையைத் தானே செய்யும் புத்திசாலி ஈக்வலைசர்களைப் பற்றிக் கடந்த ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாட்டின் தனித் தடங்களைச் சமன்செய்து கலக்கும் மிக்சிங்கை இனி மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்கிறார் கட்டுரையாளர். மின்னிசை செய்பவன் என்ற முறையில் இதை ஏற்க முடியவில்லை.

அந்தக் கருவிகள் வீண் என்று சொல்ல வரவில்லை. கொழும்பின் காலி வீதியோரத்து மாடிவீடுகளில், டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவருமான அறைகளில்தான் நம்மில் பலர் குரல் பதிவு செய்கிறோம். 200 முதல் 500 ஹேர்ட்ஸ் வரையான பகுதி வீங்கி, பானைக்குள் இருந்து பாடியது போலக் கேட்கும். சோனிபிள் நிறுவனத்தின் ஸ்மார்ட் ஈக்யூ சில விநாடிகள் அந்தக் குரலைக் கேட்டுவிட்டு, திருத்த வேண்டிய இடங்களைத் தானே வளைகோடாக வரைந்து தருகிறது. நல்ல உதவிதான்.

சிக்கல், மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் சிந்தசைசரில் தொடங்குகிறது. சமநிலையான ஒலி எப்படி இருக்க வேண்டும் என்று இக்கருவிகளுக்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்குக்கு மேல் எழுவதைத் தணிக்கும், குறைவதைத் தூக்கும். மின்னிசையிலோ வேண்டுமென்றே உருவாக்கிய கோணல்தான் அழகு. ரோலண்ட் டிபி-303 என்ற பேஸ் சிந்தசைசரில், ஒலியின் ஒரு பகுதியை வெட்டும் பில்டரைத் திருகும்போது ஒரு குறுகிய அலைவரிசை கிறீச்சிட்டு மேலெழும். 1987இல் சிக்காகோவின் பியூச்சர் குழு அந்தக் கிறீச்சலை வைத்தே அசிட் ஹவுஸ் என்ற புது நடன இசை வகைக்கு வழி திறந்தது. ஒத்ததிர்வைத் தேடி அமுக்கும் ஓக்சவுண்டின் சூத் போன்ற பிளகினுக்கு (இசை மென்பொருளில் சேர்க்கும் துணைக்கருவி) அதுவும் ஒரு தொல்லைதான். பீட்டுடன் நாதஸ்வரத் துணுக்கைக் கலக்கும் நம் இளைஞர்களுக்கும் இதே கதி; முதலில் மழுங்குவது நாதஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியின் கூர்மை.

எல்லாத் தடங்களும் ஒன்றுசேரும் மாஸ்டரில் போட்டால் இன்னும் மோசம். சவுண்ட்தியரியின் குல்ஃபோஸ் என்ற புத்திசாலி ஈக்வலைசர் விநாடிக்கு 300 தடவைக்கு மேல் தன்னை மாற்றிக்கொள்கிறது என்பதைத் தயாரிப்பாளர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். கிக் என்ற கனத்த முரசடியும் பேஸ் என்ற தாழ்சுர இசையும் நின்று பாட்டு மெலியும் இடத்தில் அந்த வெறுமை வெறுமையாகவே இருக்க வேண்டும். அதையும் இது சமன்செய்ய முனைந்தால், கிக் திரும்ப வரும்போது நெஞ்சில் இடிக்காது. கிக்கும் பேஸும் ஒன்றையொன்று மறைக்கிறதா? பேஸின் சுரத்தை மாற்றலாம், கிக்கின் தேய்ந்து முடியும் வாலைக் குறைக்கலாம், கிக் அடிக்கும்போது பேஸ் தானே தாழும்படி சைட்செயின் போடலாம். எல்லாவற்றுக்கும் ஈக்வலைசரைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை.

கட்டுரையில் விடுபட்ட முக்கியமான விடயம் ஒன்று உண்டு. சற்றே சத்தம் கூடினாலும் காது அதைத்தான் நல்லது என்று நம்பிவிடும். பிளகினைப் போட்டும் எடுத்தும் ஒப்பிடும்போது ஒலியளவைச் சமப்படுத்தாவிட்டால் அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பில்லை. கருவியின் தாக்கத்தை நூறு வீதத்தில் விடாமல் இருபது, முப்பது வீதத்தில், தனித் தடங்களில் மட்டும் வைத்துப் பார்ப்பது நல்லது.

அடுத்த வாரம், பாட்டை வெளியிடுமுன் செய்யும் இறுதி ஒலிச்சீரமைப்பான மாஸ்டரிங் பற்றி எழுதப்போவதாகக் கட்டுரையாளர் அறிவித்திருக்கிறார். அதற்கு முன், ஒலியளவைச் சமப்படுத்தி ஒப்பிடும் இந்தச் சோதனையை ஒருமுறை செய்து பார்க்கும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகன்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.